காலருக்குள் ஏழாம் எண்

அத்தியாயம் 19

போன வாரம் முதலாளியை மாடிப்படியில் விட்டுவிட்டு வந்தோம். மனைவி ஆறு வருஷம் உட்கார்ந்து எழுதிய ஆய்வேட்டை ஸ்பைரல் பைண்டிங் போட்டு, கைக்குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அவர் கடைக்கு இறங்கிக்கொண்டிருந்தார். "அதை பீரோவுல வச்சுப் பூட்டுங்க" என்று டீச்சர் மூன்று தடவை சொல்லியிருந்தாள். மூன்று தடவையும் அவர் சரி என்றார். அவர் வாயில் சரி என்பது இருமல் மாதிரி, தானாக வரும்.

பெருமை யாரை விட்டது. கடைக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அதைக் கவுன்ட்டர் மேல், ரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. கீழே சலவைக்கடை, மேலே வீடு. டீச்சரின் கணவரை எல்லோரும் முதலாளி என்று கூப்பிடுவார்கள். கடையை நடத்துவது என்னவோ அவருடைய அக்கா. முப்பத்தொரு வருஷமாக அதே கவுன்ட்டர், அதே உயர நாற்காலி, அதே வெள்ளைக் கோட்டு. இஸ்திரி மாஸ்டரிலிருந்து வேன் டிரைவர் வரை எல்லோருக்கும் அவள் அக்கா. டீச்சருக்கு மட்டும் அண்ணி.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் வணிகவியல் நடத்துகிறாள். லீவு நாட்களில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, நேரில் பார்த்தே இராத ஒரு பல்கலைக்கழகத்தில், மேலாண்மையில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். குடும்பம் நடத்தும் சிறு தொழில்களில் முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்பது ஆராய்ச்சி. ஊரெல்லாம் தொழில் தேடி அலைவானேன் என்று, படி இறங்கிக் கீழே போய்விட்டாள். ஏட்டில் கடைக்குப் பெயர் ‘நிறுவனம் அ’. பேச்சுக் கொடுத்தவர்களுக்குப் பெயரே கிடையாது, வெறும் எண்கள்.

இன்று காலை பதினோரு மணிக்கு வாய்மொழித் தேர்வு. பல்கலைக்கழகம் ஏற்கெனவே இரண்டு முறை கெடு நீட்டியாகிவிட்டது, மூன்றாவது முறை கிடையாது. இன்று தேறாவிட்டால் ஆறு வருஷமும் அலசிய தண்ணீரோடு சாக்கடையில்.

எட்டே காலுக்கு டீச்சர் மாடி அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து சுவரைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். அறையின் மூலையில், சுவருக்குள் ஒரு துணிக்குழாய் இருந்தது. வீட்டு அழுக்குத்துணியை அதில் போட்டால் நேரே கீழே, துணி பிரிக்கும் மேஜையில் விழும். சிரமம் என்னவென்றால், அதில் துணி மட்டும் இறங்குவதில்லை, பேச்சும் இறங்கும். புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் இஸ்திரி மாஸ்டருக்கு உடனுக்குடன் தெரிந்தது இப்படித்தான். அதனால் டீச்சர் அன்று காலையிலேயே ஒரு தலையணையைச் சுருட்டி அதன் வாயில் திணித்து வைத்திருந்தாள்.

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே," என்று சுவரிடம் ஆரம்பித்தாள். சுவர் ஆட்சேபிக்கவில்லை.

கீழே அக்கா முதல் வேனை அனுப்பிவிட்டு, கொஞ்சம் ஓய்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஸ்பைரல் பைண்டிங்கைப் பிரித்தாள்.

முதல் அறுபது பக்கம் அவளுக்கு விளங்கவில்லை, புரட்டிக்கொண்டே போனாள். பிறகு ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள். ‘பங்கேற்பாளர் 23: லோடு ஏத்தறதுக்கு முன்னாடி கேக்கணும், ஏத்தினதுக்கு அப்புறமும் கேக்கணும். நடுவுல மட்டும்தான் நான் டிரைவர்.’

அக்கா சிரித்துவிட்டாள். "மாஸ்டர், நம்ம வேன்காரன் பேசறதை அப்படியே எழுதியிருக்கா பாரு."

இஸ்திரி மாஸ்டர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "பேரு போடலியேக்கா. எப்படித் தெரியும்?"

"இருபத்திமூணுன்னு போட்டிருக்கே."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

அந்தக் கடையில் வெளித்துணிக்குச் சீட்டில் எண் குத்துவார்கள். கடை ஆட்களின் துணிக்கும் வீட்டுத் துணிக்கும் நிரந்தர எண். காலரின் உள்பக்கம் சிவப்பு நூலில் தைத்திருக்கும். முதலாளியின் அப்பா காலத்து ஏற்பாடு. முதலாளியின் கல்யாணக் கோட்டு தவறிப்போய் ஒரு பல் டாக்டர் வீட்டுக்குச் சேர்ந்து, அவர் அதை மூன்று கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்ட பிறகு இந்த ஏற்பாட்டை யாரும் மீறியதில்லை. வேன் டிரைவர் சட்டை இருபத்திமூன்று. மாஸ்டர் பதினைந்து. அங்கே ‘பன்னிரண்டு காயலை’ என்றால் முதலாளியின் பேன்ட் கொடியில் இருக்கிறது என்று அர்த்தம்.

டீச்சர் ஆராய்ச்சி விதிப்படி எல்லோருடைய பெயரையும் மறைத்தாள். பெயருக்குப் பதில் எண் போடச் சொன்னார்கள். இருபத்தைந்து வருஷமாக இந்த வீட்டில் துணி மடித்த கை அது. பன்னிரண்டு என்றால் கணவர் என்று கை தானாக எழுதிக்கொண்டே போயிருக்கிறது, மூளைக்குத் தகவலே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள்கூட இதைவிட நன்றாக மறைத்திருப்பார்கள்.

அக்கா மெதுவாகத் தன் கோட்டுக் காலரைத் திருப்பிப் பார்த்தாள். தெரிந்த எண்தான், இருந்தாலும் பார்த்தாள். ஏழு.

நான்காம் அத்தியாயம் முழுக்க ஏழுதான் இருந்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவளைப் பற்றிப் பன்னிரண்டு பேசியிருந்தார்.

அவள் அதை ஒரு தடவை படித்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"மாஸ்டர், கவுன்ட்டரைப் பாத்துக்கோ," என்று எழுந்தாள்.

மாஸ்டர் பயந்துபோனார். முப்பத்தொரு வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவர் கேட்டதில்லை.

எட்டு ஐம்பதுக்கு மாடிக் கதவு திறந்தது. அக்காவின் ஒரு கையில் ஆய்வேடு, இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"வாங்கண்ணி. ஆசீர்வாதம் பண்ண வந்தீங்களா?"

"டாக்டரம்மா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கின. ஞாபகம் இருக்கா?"

எந்தக் காகிதத்தையும் அக்கா தூக்கிப் போடுகிறவள் இல்லை. ஃபைலிலிருந்து ஒப்புதல் படிவத்தை எடுத்து, நான்காவது பத்தியை டீச்சருக்கே படித்துக் காட்டினாள். "‘பங்கேற்பாளர், காரணம் எதுவும் கூறாமல், வாய்மொழித் தேர்வு முடியும்வரை எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். அவர் கூறியவை அனைத்தும் நீக்கப்படும்.’ நீதான எழுதின?"

"நான்தான். ஏன் அண்ணி?"

"நான் விலகிக்கிறேன்."

டீச்சருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு போய்விட்டது. அந்தப் பத்தியை வைத்தே தீருவேன் என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் அடம்பிடித்து வைத்தவள் அவள்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைப் படிவம் அடித்துக் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தாள்.

"உங்களை எப்படி அண்ணி... எது நீங்கன்னு எப்படித் தெரிஞ்சுது?"

அக்கா காலரைத் திருப்பிக் காட்டினாள்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தாள். பதினெட்டு. ஆறு வருஷம், நூற்று எண்பது பக்கம், மூன்று கமிட்டி, ஒரு வழிகாட்டி. யாருக்கும் தெரியாத ஒன்றை, கவுன்ட்டரில் உட்கார்ந்தபடியே ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள் இந்த அம்மா.

"தப்புதான். என் தப்புதான். நம்பரை மாத்திடறேன். ஆனா இப்ப விலகாதீங்க. நாலாவது அத்தியாயத்துல நாப்பத்தோரு இடத்துல நீங்க பேசறீங்க. உங்களை எடுத்துட்டா அதுல ஒண்ணுமே இருக்காது. பட்டம் போயிடும் அண்ணி."

"நம்பருக்காக இல்ல." அக்கா நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தாள். "இதைப் படி."

டீச்சருக்குப் படிக்க வேண்டியதில்லை, மனப்பாடம். இருந்தாலும் அண்ணி விடவில்லை, அவளே படித்தாள். "‘பங்கேற்பாளர் 12: அக்கா இல்லேன்னா இந்தக் கடை ஒரு நாள் ஓடாது. அக்கா இருக்கறவரைக்கும் நான் முதலாளி ஆகப்போறதும் இல்ல.’"

கீழே சலவை மெஷின் சுற்றுகிற சத்தம் தரையில் அதிர்ந்துகொண்டிருந்தது.

"இவனுக்காகத்தான் நான் அந்த நாற்காலியில உக்காந்தேன். அப்பா போனப்ப இவனுக்கு இருபது வயசு. கஸ்டமர் யாராவது சத்தம் போட்டா குளியலறையில போய் ஒளிஞ்சுக்குவான். சரி, தைரியம் வர்றவரைக்கும் நாம பாத்துக்கலாம்னு உக்காந்தேன். எழுந்திருன்னு எவனும் சொல்லல." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் டீச்சர் சமாளித்திருப்பாள். "நீ ரெண்டு வருஷமா இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு தினம் எங்கூட உக்காந்து காபி குடிச்சிருக்க."

"அவர் நம்பிச் சொன்னதை நான் எப்படி அண்ணி வெளிய சொல்றது? ரகசியம் காப்பாத்தணும்னு விதி."

"ரொம்ப நல்லாக் காப்பாத்தின. கழுத்துல தொங்குது."

சொல்லிவைத்தாற்போல முதலாளி உள்ளே வந்தார், மனைவியின் கறுப்புக் கோட்டை ஹேங்கரோடு தூக்கிப் பிடித்தபடி. இஸ்திரி மாஸ்டரை நம்பாமல் தானே தேய்த்துக்கொண்டு வந்திருந்தார். அறையில் இருந்த இரண்டு முகங்களையும் பார்த்தார். இது கோட்டைக் கொடுக்கிற நேரம் இல்லை என்பது வரை புரிந்தது.

"என்ன ஆச்சு?"

"வாங்க பன்னிரண்டு," என்றாள் அக்கா.

அக்கா தன்னை வாங்க என்று கூப்பிட்டு முதலாளி கேட்டதே இல்லை. திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"அக்கா, அது எப்பவோ ஒரு கோவத்துல..."

"கோவத்துல இல்ல. அவ எழுதியிருக்கா, பன்னிரண்டு மிகவும் அமைதியாகக் கூறினார்னு. அடைப்புக்குறிக்குள்ள."

டீச்சர் அந்த அடைப்புக்குறியை மனத்துக்குள் சபித்தாள்.

முதலாளிக்கும் ரோஷம் வந்தது. ஆண்டுக்கு ஒரு முறை வரும், வந்தாலும் வழி தெரியாமல் நிற்கும். "நீ மட்டும் என்ன சொன்ன? நூத்தி இருபதாம் பக்கத்துல? ‘பன்னிரண்டுகிட்ட முடிவு கேட்டா மெஷின் மாதிரி சுத்திக்கிட்டே இருப்பான், பிழியறதுக்கு நான்தான் வரணும்’னு. ஏழுன்னு பாத்ததுமே எனக்குத் தெரியும். நான் ஏதாவது சொன்னேனா?"

"எப்ப படிச்ச?"

"போன மாசம்."

"ஒரு மாசமா நம்பர் விஷயம் தெரிஞ்சும் சொல்லலியா?" இது டீச்சர்.

"எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நூற்று இருபதாம் பக்கத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

ஆனால் அக்கா இளகவில்லை. படிவத்தின் அடியில் ‘விலகுகிறேன்’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கீழே போனாள். முதலாளி கோட்டைக் கதவில் மாட்டிவிட்டு, இரண்டு பேரில் யார் பக்கம் போவது என்று தெரியாமல் படியின் நடுவில் நின்றார்.

பதினோரு மணிக்கு லேப்டாப் திரையில் மூன்று முகங்கள் வந்தன. தலைவர், எந்நேரமும் தலையாட்டுகிறவர். வழிகாட்டிப் பேராசிரியர், ஆறு வருஷமாக ‘நன்று, தொடர்க’ என்று மட்டுமே பதில் எழுதியவர். மூன்றாவது, புறத்தேர்வாளர் அம்மாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். அவர் கையில் இருந்த பிரதியில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகளைப் பார்த்ததுமே டீச்சருக்குப் புரிந்துவிட்டது. இவர் எல்லாவற்றையும் படித்தவர்.

மனைவி தோற்றாலும் ஜெயித்தாலும் கேட்டே ஆகவேண்டும் என்று முதலாளி கதவோரம் நின்றார். அங்கே சரியாகக் கேட்கவில்லை. சத்தமில்லாமல் கீழே போய், துணி பிரிக்கும் மேஜையில் ஏறி, துடைப்பக் கட்டையைத் துணிக்குழாய்க்குள் விட்டுத் தலையணையைக் குத்தி இழுத்தார். தலையணை அவர் தோளைத் தாண்டி அக்காவின் மடியில் வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே ஒரு குரலும் இறங்கியது.

"ஒரு சின்ன விஷயம்," என்றது புறத்தேர்வாளரின் குரல். "உங்க பங்கேற்பாளர் எண்கள் ஏழுல ஆரம்பிக்குது. அடுத்தது பன்னிரண்டு. அப்புறம் பதினஞ்சு, இருபத்திமூணு. இது என்ன முறை?"

வழிகாட்டி இதைக் கேட்டுத் தானும் ஆர்வமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கவனித்ததே இல்லை.

மேலே டீச்சர் ஒரு கணம் யோசித்தாள். குத்துமதிப்பாகக் குலுக்கிப் போட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். அண்ணி எழுதிக் கொடுத்த படிவம் மேஜையில், கேமராவுக்குத் தெரியாத இடத்தில்தான் கிடக்கிறது. யார் பார்த்தார்கள்.

வகுப்பில் காப்பியடித்த பிள்ளைகளை அவள் நிற்க வைத்திருக்கிறாள். அந்த முகங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

"முறை எதுவும் இல்லீங்க. அது சலவை நம்பர்," என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். காலர், சிவப்பு நூல், பல் டாக்டர் போட்டுக்கொண்ட கல்யாணக் கோட்டு. தலைவரின் தலை ஆடுவது நின்றது. புறத்தேர்வாளர் அம்மாள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டார்.

"இன்னொண்ணும் இருக்கு. இதைப் படிச்சுட்டு, இன்னிக்குக் காலையில பங்கேற்பாளர் ஏழு விலகிட்டாங்க. படிவத்துல அந்த உரிமை இருக்கு, நான்தான் குடுத்தேன். அதனால நாலாவது அத்தியாயத்தை நான் திரும்ப எடுத்துக்கிறேன்."

"எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?" என்றார் புறத்தேர்வாளர்.

"ஒண்ணும் இல்ல. எனக்குப் பட்டம் கிடைக்காதுன்னு தெரியுது." டீச்சர் மேஜையில் திறந்து கிடந்த ஆய்வேட்டை மூடினாள். "பட்டத்தை விடுங்க. இந்த ஆறு வருஷத்துல மேலாண்மைன்னு அலமாரி அலமாரியாப் படிச்சேன். அதுல பாதியை அவங்க புத்தகமே தொடாம தினம் செய்யறாங்க. அவங்க முப்பத்தொரு வருஷமா அங்க இருக்காங்க, நாங்க ஒரு பதவிகூடக் குடுக்கல. பேரும் இல்ல, போர்டும் இல்ல. அதைக் கண்டுபிடிச்சது நான்தான். கண்டுபிடிச்சு உங்களுக்கு எழுதினேன். அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. வருத்தமா இருக்கு."

கீழே சலவை மெஷினை யாரோ நிறுத்திவிட்டார்கள். இஸ்திரி மாஸ்டர் பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். லேசாகப் பொசுங்கும் வாசனை வந்த பிறகுதான் எடுத்தார். அது முதலாளியின் சட்டை, பரவாயில்லை.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கதவு திறந்தது. மூச்சிரைக்க, வெள்ளைக் கோட்டோடு, கையில் தலையணையோடு அக்கா வந்து கேமராவுக்கு முன்னால் குனிந்தாள்.

"வணக்கம். நான்தான் ஏழு."

"அம்மா, நீங்க யாருன்னு நாங்க தெரிஞ்சுக்கக் கூடாது," என்று பதறினார் தலைவர்.

"நம்பலேன்னா பாருங்க." அக்கா காலரைத் திருப்பித் திரைக்கு நேரே காட்டினாள். வழிகாட்டி கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் அவசரமாகத் தன்னுடைய கேமராவை அணைத்தார். அதனால் அவர் மறைந்தாரே தவிர, அக்கா மறையவில்லை.

புறத்தேர்வாளர் அம்மாள் மட்டும் நன்றாகப் பார்த்தார். "நீங்க விலகினதாச் சொன்னாங்களே?"

"விலகினேன். திரும்பி வந்துட்டேன். திரும்பி வரக்கூடாதுன்னு படிவத்துல இல்ல, நான் முழுக்கப் படிச்சுட்டேன். ரெண்டு கண்டிஷன். நம்பரை மாத்தணும். மாஸ்டர்லேர்ந்து எல்லாருக்கும்."

"சரி. ரெண்டாவது?"

"பன்னிரண்டு என்னைப் பத்திச் சொன்ன வரியை எடுக்கக் கூடாது. அது அப்படியே இருக்கட்டும்." அக்கா காலரைச் சரிசெய்துகொண்டாள். "அது உண்மை."

கதவோரம் வந்து நின்றிருந்த முதலாளி தரையைப் பார்த்தார்.

அறையைவிட்டு எல்லோரையும் வெளியேற்றிய பிறகு இன்னும் நாற்பது நிமிஷம் கேள்விகள் நடந்தன. டீச்சருக்குப் பயம் தெளிந்துவிட்டது, இனி இழக்க ஒன்றும் இல்லை என்பதுபோலப் பதில் சொன்னாள். கடைசியில் புறத்தேர்வாளர் ஒரு மஞ்சள் சீட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பக்கம் நூத்தி அறுபத்தெட்டு. ஏழு இல்லாமல் நிறுவனம் அ எந்த முடிவும் எடுக்க இயலாதுன்னு எழுதியிருக்கீங்க. எப்பவாவது அவங்க இல்லாம ஒரு வாரம், ரெண்டு வாரம் கடை நடந்து பாத்திருக்கீங்களா?"

"அவங்க லீவே எடுத்ததில்லீங்க."

"அப்ப இது முடிவு இல்ல, நம்பிக்கை." அவர் சிரித்தார், கோபமில்லாத சிரிப்பு. "முப்பது நாள் தர்றேன். எண்களை மாத்துங்க. இந்த வரிக்கு ஆதாரம் குடுங்க, இல்லேன்னா எடுத்துடுங்க. எடுத்தா உங்க முடிவுரையை மறுபடி எழுதணும். அதைப் பாத்துட்டுத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

திருத்தங்களுடன் ஏற்கப்படுகிறது என்று தலைவர் அறிவித்தார். கேமராவை மறுபடி போட அவருக்கு மறந்துவிட்டது, குரல் மட்டும் வந்தது. அரை டாக்டர் ஆனாள் டீச்சர். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தால், அக்கா படியிலேயே உட்கார்ந்திருந்தாள், தலையணையை மடியில் வைத்துக்கொண்டு.

"கதவு சரியாச் சாத்தல, எல்லாம் கேட்டுது," என்றாள். "கடைசியில அந்த அம்மா கேட்டதும் கேட்டுது. ஆதாரம்தானே? குடுத்துடலாம்."

"அண்ணி, அவங்க ஒரு பேச்சுக்குச் சொன்னாங்க. அந்த வரியை நான் எடுத்துடறேன்."

"எதுக்கு எடுக்கணும்? எனக்கும் தெரியணும்ல." அக்கா எழுந்து, தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள். மடிப்புக் கலையாமல் இரண்டாக மடித்துத் தம்பியின் கையில் கொடுத்தாள். "முப்பது நாள். நாளையிலேர்ந்து இல்ல, இப்பலேர்ந்து."

"எங்கக்கா போற?" முதலாளியின் குரல் இருபது வயசுக் குரலாக இருந்தது.

"ஊர் சுத்தப்போறேன். முப்பத்தொரு வருஷமா மத்தவங்க போட்டுக்கிட்டுப் போற துணியத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்." அவள் அவர் தோளைத் தட்டினாள். "குளியலறையில ஒளிஞ்சுக்காத."

பன்னிரண்டரைக்குள் ஒரு பெட்டியோடு அவள் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். போன் நம்பர் எல்லோரிடமும் இருக்கிறது. போனை அவள் அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தது பிறகுதான் தெரிந்தது.

டீச்சர் மாடி அறையில் ஒரு புது நோட்டை எடுத்து, ‘முதல் நாள்’ என்று எழுதி அடிக்கோடு போட்டாள். துணிக்குழாய் வழியாகக் கீழே போன் மணி அடிப்பது கேட்டது. இரண்டு, மூன்று, நான்கு. அவள் பேனா அப்படியே நின்றது. ஐந்தாவது மணியில் முதலாளி எடுத்தார்.

"சொல்லுங்க சார்... ஆஸ்பத்திரி விரிப்பா... நாலு மணிக்கா, அஞ்சு மணிக்கா..." ரசீதுப் புத்தகம் புரளும் சத்தம். "நாலு மணிக்கு வந்துடும் சார்."

அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவர் ஒரு கஸ்டமருக்கு இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. சந்தோஷமாகப் பேனாவை எடுத்தபோதுதான் நூற்று அறுபத்தெட்டாம் பக்கம் கண்ணில் பட்டது. அவர் தேறினால் அவளுடைய முடிவுரை தேறாது. முடிவுரை நிற்க வேண்டுமென்றால் அவர் விழ வேண்டும். புருஷன் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பதா, பட்டம் வேண்டும் என்று நினைப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நிமிஷம் போயிருக்கும். குழாய்க்குள்ளிருந்து, மேஜையில் ஏறி வாயைக் குவித்துப் பேசுகிற மாதிரி, மெதுவாக ஒரு குரல் ஏறி வந்தது.

"இந்தா, இருக்கியா? நாலு மணின்னு சொல்லிட்டேன். நாலு சரிதானே?"

சரி என்ற வார்த்தை டீச்சரின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் போதும், அண்ணியின் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாயிற்று. இன்னும் முப்பத்தொரு வருஷத்துக்கு எழுந்திருக்க முடியாது.

"என்னங்குற? நாலா, அஞ்சா?"

அவள் சத்தம் போடாமல் எழுந்தாள். படியில் அண்ணி விட்டுப்போன தலையணையை எடுத்துவந்து, சுருட்டி, குழாயின் வாயில் திணித்து, இரண்டு கையாலும் அழுத்தினாள்.